0.4 விழுக்காடு யாருடைய கணக்கு? வறுமைப் புள்ளிவிவரத்தைத் தோட்டத்திலிருந்து வாசித்தல்



சில ஆண்டுகளுக்கு முன் கோலா குபு பாரு வட்டாரத்து மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு வறுமை ஒழிப்பு. இரண்டாவது பத்தியில், "2016ஆம் ஆண்டு நம் நாட்டின் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு மட்டுமே. எனவே வறுமை ஏறக்குறைய ஒழிந்துவிட்டது" என்று எழுதியிருந்தாள். சரியான எண்தான். 'ஆதாரம் காட்டியிருக்கிறாள், நல்ல பிள்ளை' என்று பக்கத்தில் ஒரு சரி போட்டேன்.

நான்காவது பத்தியில் தன் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். பாட்டி பழைய தோட்டத்து லயத்தில் இருக்கிறார், கூரை ஒழுகுது, தண்ணீர்க் குழாய் சரியில்லை. அதற்கும் ஒரு சரி போட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் மெதுவாகக் கேட்டாள்: "சார், அந்த 0.4-ல எங்க பாட்டி இருக்காங்களா?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு பத்திகளுக்கும் நானே சரி போட்டிருக்கிறேன், ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிக்கவில்லை. அந்தத் தவற்றைத் திருத்திக்கொள்ளத்தான் இந்தத் திறனாய்வு. கவிதை, சிறுகதை, நாவலைத் திறனாய்வு செய்கிறோம். அரசாங்க அறிக்கையில் இருக்கும் எண்ணும் ஒருவர் எழுதிய வாக்கியம்தான். அதையும் அப்படியே வாசிக்க வேண்டும்.

எந்த அறிக்கை?

மலேசியப் புள்ளிவிவரத் துறை ஐந்தாண்டுக்கு இரு முறை குடும்ப வருமான ஆய்வை நடத்துகிறது. நாடு முழுவதும் மாதிரிக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு வீடு போய் வருமானத்தைக் கேட்டு எழுதுகிறார்கள். வறுமை விகிதம், சராசரி வருமானம், நடு வருமானம் என்று நாம் கட்டுரைகளில் எழுதும் எண்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வளரும் நாடுகள் பலவற்றில் இவ்வளவு நீண்ட காலத்துக்குத் தொடர்ச்சியான வருமானக் கணக்கு கிடையாது. 1970-ல் தீபகற்ப மலேசியாவில் 49.3 விழுக்காட்டுக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன என்று தெரிந்ததால்தான் புதிய பொருளாதாரக் கொள்கை அதைக் குறைக்க ஓர் இலக்கு வைக்க முடிந்தது. வறுமை பெருமளவு குறைந்ததும் உண்மை. எங்கள் பெற்றோர் காலத்துத் தோட்ட வாழ்க்கையும் இன்றைய வாழ்க்கையும் ஒன்றல்ல. அதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் 49.3-லிருந்து 0.4-க்கு வந்த கதையில் பாதி, மக்கள் மேலே ஏறியது. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, கோடு எங்கே போடப்பட்டிருந்தது என்று பார்க்க வேண்டும்.

கோடு எங்கே?

வறுமைக் கோட்டு வருமானம் என்பது ஒரு குடும்பம் உணவு, உடை, வாடகை, மின்சாரம், போக்குவரத்து போன்ற அடிப்படைத் தேவைகளை ஈடுகட்ட வேண்டிய குறைந்தபட்ச மாத வருமானம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் ஆள் எண்ணிக்கை, வயது, இடம் ஆகியவற்றைப் பொறுத்துத் தனித்தனிக் கோடு உண்டு. நாம் செய்தியில் பார்ப்பது அவற்றின் சராசரி.

2016-ல் அந்தச் சராசரி 980 ரிங்கிட். நால்வர் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 980-ஐ நான்கால் வகுத்து, முப்பது நாளால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 8 ரிங்கிட். சாப்பாடு, வாடகை, பஸ் காசு, பள்ளிச் செலவு எல்லாம் அதற்குள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் காலையும் மதியமும் சாப்பிடும் மாணவனுக்கே தெரியும், 8 ரிங்கிட் எவ்வளவு தூரம் போகும் என்று.

2019 ஆகஸ்டில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் கடும் வறுமைக்கான சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் மலேசியா வந்தார். இந்தக் கோடு நடப்பு வாழ்க்கைச் செலவோடு பொருந்தவில்லை, உண்மையான வறுமை அதிகாரத்துவக் கணக்கைவிடப் பல மடங்கு அதிகம் என்றார். அரசாங்கத் தரப்பு உடனே அதை மறுத்தது. ஆனால் 2020 ஜூலையில் கணக்கிடும் முறையே திருத்தப்பட்டது. உயிர் வாழத் தேவையான உணவு என்ற அளவுகோல் போய், ஆரோக்கியமான உணவு என்ற அளவுகோல் வந்தது. உணவல்லாத பொருள்களின் பட்டியலும் நீண்டது. புதிய சராசரிக் கோடு 2,208 ரிங்கிட்.

இனி நடந்ததைப் பாருங்க. அதே 2016, அதே குடும்பங்கள், அதே வருமானம். பழைய கோட்டின்படி வறுமை 0.4 விழுக்காடு, அதாவது 24,700 குடும்பங்கள். புதிய கோட்டின்படி 7.6 விழுக்காடு, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். ஒருவருடைய சம்பளமும் குறையவில்லை. ஒருவருடைய வீட்டுக் கூரையும் புதிதாக ஒழுகவில்லை. மாறியது கோடு மட்டும்.

இன்னொரு கணக்கு. 2019-ல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,100 ரிங்கிட். பழைய சராசரிக் கோடான 980-ஐ வைத்துப் பார்த்தால், வீட்டில் ஒருவர் மட்டும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வேலை செய்தாலே அந்தக் குடும்பம் ஏழைக் குடும்பம் இல்லை. புதிய கோடான 2,208-ஐ வைத்துப் பார்த்தால், கணவன் மனைவி இருவரும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வேலை செய்தாலும் 2,200 ரிங்கிட்தான் வரும். 8 ரிங்கிட் குறைகிறது. சராசரிக் கோட்டை வைத்துச் செய்யும் தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் பழைய கோடு எவ்வளவு தாழ்வாகக் கிடந்தது என்பதைக் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. 2022-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ஆனது. அந்த ஆண்டின் சராசரிக் கோடு 2,589, வறுமை விகிதம் 6.2 விழுக்காடு. இருவர் சம்பாதித்தால் கோட்டைத் தாண்டலாம். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பம், கணவனை இழந்த தாயின் குடும்பம், ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளியின் குடும்பம் ஆகியவை தாண்ட முடியாது.

யார் எண்ணப்படவில்லை?

கோட்டை உயர்த்தினால் போதுமா? போதாது. இந்த ஆய்வின் முடிவுகள் மலேசியக் குடியுரிமை உள்ள குடும்பங்களைப் பற்றியவை. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் பொருள் சட்டென்று புரியும். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், சிவப்பு அடையாளக் கார்டோடு வயதானவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே பால்மரம் வெட்டி, ஆவணம் இல்லாத காரணத்தால் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்க முடியாதவர்கள். வறுமை அதிகம் இருக்க வாய்ப்புள்ள இடத்தில்தான் கணக்கு நின்றுவிடுகிறது.

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக்கூடாது. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயருடைய இன்றைய பெஸ்தாரி ஜெயா அருகில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917-ல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கியது அங்கேதான். இன்று இந்த வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களுக்குள் போய்ப் பாருங்க. குலை வெட்டுபவர்களில் பலர் இந்தோனேசியர், வங்காளதேசியர். நம் தாத்தாக்கள் செய்த வேலையை இன்று செய்கிறவர்கள் அவர்கள். அவர்களும் இந்த வறுமைக் கணக்கில் இல்லை.

சராசரிக்குள் மறைந்த லயம்

அடுத்தது இனவாரியான எண். 2019 ஆய்வின்படி இந்தியக் குடும்பங்களின் நடு வருமானம் 5,981 ரிங்கிட். நாட்டின் நடு வருமானம் 5,873. ஆக, இந்தியர்கள் நாட்டு அளவைவிட மேலே இருக்கிறார்கள். இந்த எண்ணைக் காட்டி, "பிறகு ஏன் இந்தியர் வறுமை, இந்தியர் வறுமை என்று புலம்புகிறீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. எண் பொய்யில்லை. கேள்விதான் தவறு.

வகுப்பில் இப்படிச் செய்து காட்டலாம். கற்பனையாக ஐந்து குடும்பங்கள். மாத வருமானம் 1,500, 1,700, 1,800, 2,000, 13,000. கூட்டினால் 20,000, சராசரி 4,000. ஆனால் 4,000-க்குப் பக்கத்தில் ஒரு குடும்பம்கூட இல்லை. நடு வருமானம் 1,800. இதனால்தான் சராசரியைவிட நடு வருமானம் நேர்மையானது என்கிறோம். ஆனால் நடு வருமானத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மருத்துவர், வழக்கறிஞர், பெட்டாலிங் ஜெயா அலுவலக ஊழியர், கெர்லிங் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி எல்லாரையும் 'இந்தியர்' என்ற ஒரே வரிசையில் நிறுத்தி நடுவில் இருப்பவரைக் கேட்டால், வரிசையின் கடைசியில் நிற்பவரைப் பற்றி அவர் என்ன சொல்வார்?

பொருளியலாளர் சுதிர் ஆனந்த் 1983-ல் வெளியிட்ட மலேசிய வறுமை, ஏற்றத்தாழ்வு பற்றிய நூல் இதை எப்போதோ காட்டிவிட்டது. 1970-ன் தரவுகளைப் பிரித்துப் பார்த்து, நாட்டின் வருமான ஏற்றத்தாழ்வில் பெரும்பகுதி இனங்களுக்கு இடையில் இல்லை, ஒவ்வோர் இனத்துக்கும் உள்ளேயே இருக்கிறது என்றார். மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இது பொருந்தும். 'நம் இனம்' என்று மட்டும் எழுதிப் பழகிய நம் கட்டுரைகளுக்கு இது ஒரு நல்ல மருந்து.

இன்னொன்றும் கவனித்தேன். பழைய மலேசியத் திட்ட அறிக்கைகளில் வறியவர்களைத் தொழில்வாரியாகப் பிரித்திருப்பார்கள். நெல் விவசாயி, மீனவர், ரப்பர் சிறு தோட்டக்காரர் என்ற வரிசைகளோடு 'தோட்டத் தொழிலாளர்' என்று தனி வரிசையும் இருந்தது. 1970-ல் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் 40 விழுக்காடு வறுமையில் இருந்தது நமக்குத் தெரிவது அந்த வரிசையால்தான். இன்றைய முதன்மை அட்டவணைகள் இனம், மாநிலம், நகர்ப்புறம், கிராமப்புறம் என்று போகின்றன. தோட்டத்துக்கென்று தனி வரிசை இல்லை. தோட்டம் விற்கப்பட்டு, அந்தக் குடும்பம் புக்கிட் செந்தோசா பக்கத்து மலிவு விலை வீட்டுக்கு மாறினால், அது கிராமப்புறக் கணக்கிலிருந்து நகர்ப்புறக் கணக்குக்குப் போய்விடும். கிராமப்புற வறுமையில் ஒன்று குறையும். அந்தக் குடும்பத்தின் கையில் ஒரு ரிங்கிட்கூடக் கூடியிருக்காது.

இருக்கும் வீடு, இல்லாத வீடு

இப்போது பாட்டியின் லயத்துக்கு வருவோம். ஆய்வில் வருமானம் என்பது கைக்கு வரும் காசு மட்டும் இல்லை. முதலாளி கொடுக்கும் இலவசத் தங்குமிடம் போன்ற பொருள்வகைச் சலுகைகளும் மதிப்பிடப்பட்டு வருமானத்தில் சேரும். பொருளியல் முறைப்படி இது சரிதான். வாடகை கட்டுபவரையும் கட்டாதவரையும் ஒப்பிட வேறு வழியில்லை.

ஆனால் தோட்டத்து வீடு எப்படிப்பட்ட வீடு? வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால், தோட்டம் கைமாறினால், வீடும் போகும். முப்பது நாற்பது ஆண்டுகள் ஒருவருடைய கணக்கில் வருமானமாக எழுதப்பட்ட வீடு, கடைசியில் அவருக்குச் சொந்தமாவதில்லை. மாத வருமானத்தை அளக்கும் ஆய்வு சொத்தை அளப்பதில்லை. தோட்ட மக்களின் அடிப்படைப் பிரச்சினையோ சொத்து இல்லாததுதான்.

இதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்குது. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீடு கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வந்தன. 2024 மே 11-ல் கோலா குபு பாரு சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தபோதுதான் நாடே அந்தப் பெயர்களைக் கேட்டது. 245 குடும்பங்கள் என்று பத்திரிகைகள் எழுதின. உலு சிலாங்கூர் மாவட்டத்தின் மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்கும் மேல். அதில் 245 குடும்பங்கள் எந்த விழுக்காட்டையும் அசைக்காது. வருமான ஆய்வைப் படித்து அவர்களை யாரும் கண்டுபிடித்திருக்கவும் முடியாது. அவர்களே தங்களை எண்ணி, பெயர்ப் பட்டியலோடு போய் நின்றதால்தான் தெரிந்தது.

எண்ணே வேண்டாமா?

இவ்வளவும் படித்துவிட்டு, "புள்ளிவிவரம் எல்லாம் ஏமாற்று வேலை" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது முதல் தவற்றைவிடப் பெரிய தவறு. அல்ஸ்டன் பழைய கோட்டை எதிர்த்ததும் கணக்கை வைத்துத்தான். பாட்டியின் கதையை மட்டும் சொன்னால், "அது ஒரு பாட்டி" என்று தள்ளிவிடுவார்கள். எண்ணும் வேண்டும், பாட்டியும் வேண்டும்.

எண்ணுக்கு எதிராக எண் நின்ற ஒரு சம்பவத்தையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2004-ல் நிறுவனப் பங்குகளில் பூமிபுத்ராக்களின் பங்கு 18.9 விழுக்காடு என்றது அரசாங்கம். 2006-ல் அஸ்லி என்ற ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பொதுக் கொள்கை ஆய்வு மையம், அது 45 விழுக்காடு வரை இருக்கலாம் என்றது. இரு தரப்பும் ஒரே நாட்டைத்தான் அளந்தன. அரசாங்கம் பங்கின் முகமதிப்பை வைத்துக் கணக்கிட்டது. ஆய்வு மையம் சந்தை மதிப்பை வைத்துக் கணக்கிட்டது. பெரிய சர்ச்சை எழுந்து, கழகத்தின் தலைமை அறிக்கையை மீட்டுக்கொண்டது. மையத்தின் இயக்குநர் லிம் டெக் கீ பதவி விலகினார். எது சரி என்று முடிவு சொல்ல நான் வரவில்லை. இரு தரப்பும் தங்கள் அளவுகோலையும் தரவுகளையும் மேசையில் வைத்து விவாதித்திருந்தால் நாட்டுக்கு ஒரு நல்ல பாடம் கிடைத்திருக்கும். அது நடக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

எண் எட்டாத இடத்தில் வேறு வகை ஆய்வு உதவும். மானிடவியலாளர் ரவீந்திர ஜெயின் 1960-களில் ஒரு தோட்டத்தில் தங்கி, பெயரை மறைத்து 'பால் மெலாயு' என்று அழைத்து, 1970-ல் நூலாக வெளியிட்டார். பிரட்டு, கங்காணி, கிராணி, கோயில், குடும்பம் என்று ஒரே தோட்டத்தை உள்ளிருந்து பார்த்தார். ஒரு தோட்டத்தை வைத்து நாடு முழுவதையும் பேச முடியாது. ஆனால் நாட்டு எண்ணை வைத்து ஒரு தோட்டத்தையும் பேச முடியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வர வேண்டும்.

தேர்வு எழுதுபவர்களுக்கு

கட்டுரையில் ஓர் எண்ணை எழுதுவதற்கு முன் ஐந்து கேள்வி கேளுங்க.

1. எந்த ஆண்டு எண், எந்த முறைப்படி? "2016-ல் 0.4 விழுக்காடு" என்று மட்டும் எழுதாதீர்கள். "பழைய கோட்டின்படி 0.4, 2020-ல் திருத்திய முறைப்படி 7.6" என்று எழுதுங்கள்.

2. கோடு எவ்வளவு? விகிதத்தோடு கோட்டையும் எழுதினால்தான் விகிதத்துக்குப் பொருள் உண்டு.

3. யார் கணக்கில் இல்லை? குடியுரிமை இல்லாதவர், ஆவணமற்றவர், அந்நியத் தொழிலாளர் பற்றி ஒரு வாக்கியம் சேருங்கள்.

4. சராசரியா, நடு அளவா, யாருடையது? இனம், மாநிலம் என்ற பெரிய பெட்டிக்குள் யார் மறைகிறார் என்று கேளுங்கள்.

5. வருமானமா, சொத்தா? இரண்டையும் குழப்பாதீர்கள்.

அடிக்கடி வரும் ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். "பி40 மக்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்" என்று எழுதுகிறார்கள். பி40 என்பது வருமான வரிசையில் கீழே உள்ள 40 விழுக்காட்டுக் குடும்பங்கள். 2019-ல் மாதம் 4,850 ரிங்கிட்டுக்குக் கீழ், 2022-ல் 5,250-க்குக் கீழ். நாடே பணக்கார நாடானாலும் கீழ் 40 விழுக்காடு இருக்கத்தான் செய்யும். குறைக்க வேண்டியது அவர்களின் எண்ணிக்கையை இல்லை. அவர்களுக்கும் மேலே உள்ளவர்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாய்ப்பிருந்தால் மாணவர்களைக் கொண்டு நால்வர் குடும்பத்தின் ஒரு மாதச் செலவைப் பட்டியல் போடச் சொல்லுங்கள். அரிசி, எண்ணெய், மீன், எரிவாயு, மின்சாரம், பள்ளிப் பேருந்து, மருந்து என்று அவர்களே விலை விசாரித்து எழுதட்டும். சொந்த வீட்டு வருமானத்தை வகுப்பில் கேட்க வேண்டாம், பிள்ளைகள் கூசிப்போவார்கள். செலவுப் பட்டியல் போதும். வரும் தொகையை அதிகாரத்துவக் கோட்டோடு ஒப்பிட்டால், எண் எப்படிப் பிறக்கிறது என்று அவர்களுக்கே விளங்கிவிடும்.

அந்த மாணவியின் கேள்விக்கு இப்போது என்னால் இப்படித்தான் பதில் சொல்ல முடியும். "அம்மா, மாதிரி ஆய்வில் உன் பாட்டியின் வீட்டுக் கதவை யாரும் தட்டாமலே இருந்திருக்கலாம். தட்டியிருந்தாலும், பழைய கோட்டின்படி பாட்டி ஏழை இல்லை என்றே எழுதியிருப்பார்கள். ஏனென்றால் கோடு அவ்வளவு கீழே இருந்தது. ஒழுகும் அந்த லயமும் வேலையோடு வந்த இலவச வீடு என்றால், அதற்கும் ஒரு மதிப்புப் போட்டு வருமானத்தில் சேர்த்திருப்பார்கள். உன் இரண்டாவது பத்தியும் நான்காவது பத்தியும் ஒன்றோடொன்று மோதுவதை நீ கண்டுபிடித்துவிட்டாய். நான் கண்டுபிடிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பத்தி எழுது. கட்டுரையே அந்தப் பத்திதான்."